79.904-ஐ 80 ஆக்காதீர்கள்: அணு அமைப்பும் ஐசோடோப்பும், புதிதாகப் படிப்பவர்களுக்கு

தனிம வரிசை அட்டவணையில் 35-ஆம் கட்டத்தைப் பாருங்கள். புரோமின். அணு நிறை 79.904 என்று போட்டிருக்கும். புரோமின் அணுவில் எத்தனை நியூட்ரான்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் 79.904-ஐ 80 ஆக முழுமையாக்கி, அதில் புரோட்டான் எண்ணிக்கையான 35-ஐக் கழித்து, 45 என்று எழுதிவிடுவார்கள். கழித்தல் சரி, விடை தவறு. இயற்கையில் கிடைக்கும் புரோமின் அணு எதிலும் 45 நியூட்ரான்கள் கிடையாது. ஏறத்தாழ பாதி அணுக்களில் 44, மீதிப் பாதியில் 46. இரண்டையும் கலந்து சராசரி எடுத்ததால்தான் 80-ஐ ஒட்டி ஓர் எண் வந்தது. 45 நியூட்ரான் கொண்ட புரோமின்-80-ஐ ஆய்வகத்தில் உண்டாக்கலாம். ஆனால் 18 நிமிடத்துக்குள் அதில் பாதி சிதைந்துபோகும்.

ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறான அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். ஐசோடோப்புப் பாடத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில் தொடங்குகிறது. நிறை எண் (ஓர் அணுவின் புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) வேறு, அட்டவணையில் அச்சிட்டிருக்கும் அணு நிறை வேறு. இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடிப்படையிலிருந்து வருவோம்.

வேண்டியவை: அணு நிறையை இரண்டு மூன்று தசம இடம் வரை தரும் அட்டவணை, கால்குலேட்டர், ஒரு நோட்டு, பழையதும் புதியதுமாகப் பத்து ஒரு ரூபாய் நாணயங்கள். நாணயம் எதற்கு என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 1: மூன்று துகள்கள், இரண்டு இடங்கள்

அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமை இல்லாத நியூட்ரான்களும் இருக்கின்றன. கருவுக்கு வெளியே எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள். புரோட்டானும் நியூட்ரானும் ஏறத்தாழ ஒரே நிறை, ஒவ்வொன்றும் சுமார் 1 அணு நிறை அலகு. எலக்ட்ரானின் நிறை புரோட்டானில் 1836-இல் ஒரு பங்குதான். அதனால் அணுவின் எடையைக் கணக்கிடும்போது எலக்ட்ரானை விட்டுவிடலாம். வேதிவினையைப் பேசும்போது அதை மட்டும்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவையும் ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் அணுவின் கரு, அணுவின் குறுக்களவில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. கருவை ஒன்றரை மில்லிமீட்டர் கடுகாக வைத்தால் அணு 150 மீட்டர் அகலம், அதாவது ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு வரும். பாடநூல் படங்களில் கரு நெல்லிக்காய் அளவும் அணு தட்டு அளவும் இருப்பது அச்சிடும் வசதிக்காக மட்டுமே.

இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே மூலகம், புரோத்தன், நியூத்திரன், இலத்திரன், திணிவெண், சமதானி என்பவையே இங்கே தனிமம், புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான், நிறை எண், ஐசோடோப்பு.

படி 2: பெயரைத் தீர்மானிப்பது புரோட்டான் மட்டுமே

கருவில் 6 புரோட்டான் இருந்தால் அது கார்பன். 7 இருந்தால் நைட்ரஜன். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும், எலக்ட்ரான் வந்தாலும் போனாலும் பெயர் மாறாது. இந்தப் புரோட்டான் எண்ணிக்கைதான் அணு எண். எப்போதும் முழு எண்.

இது தொடக்கத்திலேயே தெரிந்திருந்த விஷயமல்ல. தனிமங்களை முதலில் எடை வரிசையில் அடுக்கினார்கள். சில இடங்களில் வரிசை இடறியது. ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்துடையது 39.10. எடைப்படி பொட்டாசியம் முன்னால் வர வேண்டும். அப்படி வைத்தால், எதனோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கான், தண்ணீர் பட்டாலே தீப்பற்றும் சோடியத்தின் குடும்பத்தில் போய் உட்கார்ந்துவிடும். 1913-இல் ஹென்றி மோஸ்லி தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசைக்கு அடிப்படை எடையல்ல, கருவின் மின்சுமை என்று காட்டினார். ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. சிக்கல் தீர்ந்தது. ஆனால் 18 ஏன் 19-ஐவிட எடை கூடியிருக்கிறது? அதற்கு விடை நியூட்ரானில் இருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பகுதியில் மறுபடி வருவோம்.

படி 3: மூன்று எண்ணிக்கைகளையும் எழுதப் பழகுதல்

நிறை எண் என்பது ஓர் அணுவின் கருவில் உள்ள புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணிய எண்ணிக்கை. தலையை எண்ணுவது போல எண்ணுகிறோம், தராசில் நிறுக்கவில்லை. ஆகவே இதிலும் தசமம் வராது. குறியீட்டில் தனிமத்தின் இடப்பக்கம் மேலே நிறை எண்ணும் கீழே அணு எண்ணும் எழுதுவார்கள். வாக்கியத்தில் எழுதும்போது கார்பன்-14, யுரேனியம்-235 என்று பெயருக்குப் பின்னால் நிறை எண்ணைப் போட்டால் போதும்.

வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள். முதலில் அட்டவணையில் அணு எண்ணைப் பாருங்கள். அதுவே புரோட்டான் எண்ணிக்கை. அடுத்து நிறை எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள், நியூட்ரான் கிடைக்கும். கடைசியாக மின்சுமையைப் பாருங்கள், எலக்ட்ரான் கிடைக்கும்: சுமை இல்லையென்றால் புரோட்டானும் எலக்ட்ரானும் சமம். சுமை பெற்ற அணுவில், அதாவது அயனியில், ஒவ்வோர் எதிர்மின்சுமைக்கும் ஓர் எலக்ட்ரான் கூடும், ஒவ்வொரு நேர்மின்சுமைக்கும் ஒன்று குறையும்.

கார்பன்-14: புரோட்டான் 6, நியூட்ரான் 8, எலக்ட்ரான் 6.
யுரேனியம்-235: புரோட்டான் 92, நியூட்ரான் 143, எலக்ட்ரான் 92.
குளோரின்-37-இன் குளோரைடு அயனி, ஒற்றை எதிர்மின்சுமையுடன்: புரோட்டான் 17, நியூட்ரான் 20, எலக்ட்ரான் 18.
கால்சியம்-40-இன் அயனி, இரட்டை நேர்மின்சுமையுடன்: புரோட்டான் 20, நியூட்ரான் 20, எலக்ட்ரான் 18.

பிழை வருவது கடைசி இரண்டில்தான். "பிளஸ் 2 என்றால் இரண்டு கூடியிருக்கிறது" என்று நினைத்து 22 புரோட்டான் எழுதுபவர்கள் உண்டு. 22 புரோட்டான் இருந்தால் அது டைட்டானியம் ஆகிவிடுமே! வேதிவினையில் கருவை யாரும் தொடுவதில்லை. எதிர்மின்சுமை கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் வெளியேறியதால்தான் நேர்மின்சுமை மிஞ்சியது.

கேள்வியில் நிறை எண் தரப்படாமல் தனிமத்தின் பெயர் மட்டும் இருந்தால், நியூட்ரான் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது என்பதே நேர்மையான விடை. சோடியம், ஃப்ளூரின், அலுமினியம் போன்றவை விதிவிலக்கு: இயற்கையில் இவற்றுக்கு ஒரே நிலையான ஐசோடோப்புதான் உண்டு. அங்கே 22.99-ஐ 23 ஆக எடுத்துக்கொள்வது சரியாக அமைந்துவிடும். இந்த எளிய உதாரணங்களில் பழகிவிட்டுப் புரோமினுக்குப் போவதால்தான் முழுமையாக்கும் பழக்கம் ஒரு விதி போலப் பதிந்துவிடுகிறது.

படி 4: எலக்ட்ரான் கூடுகள், தேவையான அளவுக்கு

எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிக் கூடு எனப்படும் அடுக்குகளில் இருக்கின்றன. முதல் கூட்டில் 2 வரை, இரண்டாவதில் 8 வரை, மூன்றாவதில் 18 வரை. சூத்திரம்: கூட்டின் எண்ணை இருமடிப்படுத்தி 2-ஆல் பெருக்குங்கள். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. பொட்டாசியத்தில் கவனம் தேவை. மூன்றாம் கூட்டில் 18 கொள்ளும் என்பதை நம்பி 2, 8, 9 என்று எழுதினால் தவறு. எட்டு நிரம்பியதும் அடுத்த எலக்ட்ரானுக்கு நான்காம் கூட்டின் முதல் இடமே ஆற்றல் குறைவான இடம். எனவே 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. ஸ்காண்டியத்திலிருந்துதான் மூன்றாம் கூடு மறுபடி நிரம்பத் தொடங்கும்.

இந்தப் படியிலிருந்து ஐசோடோப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டியது ஒன்றுதான்: எலக்ட்ரான் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது புரோட்டான், வேதிப்பண்பைத் தீர்மானிப்பது எலக்ட்ரான். நியூட்ரானுக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை.

படி 5: ஐசோடோப்பை நாணயத்தில் பார்த்தல்

ஒரே அணு எண், வேறு நிறை எண். இவ்வளவுதான் ஐசோடோப்பு. கதிரியக்கப் பொருள்களை ஆராய்ந்த ஃபிரெடரிக் சோடி, எடை வேறாக இருந்தும் வேதிமுறையில் பிரிக்கவே முடியாத அணுக்கள் இருப்பதைக் கண்டு, 1913-இல் இந்தச் சொல்லை வெளியிட்டார். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். கிரேக்கத்தில் அதற்கு "ஒரே இடம்" என்று பொருள்: எடை வேறானாலும் அட்டவணையில் ஒரே கட்டம். தமிழில் சிலர் எழுதும் "ஓரிடத்தான்" இதன் நேர்ப் பொருள், நல்ல சொல். எடை ஏன் மாறுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது 1932-இல்தான்.

இப்போது நாணயங்களை எடுங்கள். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் நாணயம் 4.85 கிராம். 2011-இல் வந்த சிறிய நாணயம் 3.79 கிராம். கடையில் கொடுத்தால் இரண்டுக்கும் மதிப்பு ஒரே ஒரு ரூபாய்தான். மதிப்பைப் புரோட்டான் எண்ணிக்கையாகவும் எடையை நிறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பழையது ஏழு, புதியது மூன்று என்று ஒரு குவியல் வைத்தால் மொத்த எடை 45.32 கிராம், ஒரு நாணயத்துக்குச் சராசரி 4.532 கிராம். அந்தக் குவியலைக் கிளறிப் பாருங்கள், 4.532 கிராம் நாணயம் ஒன்றுகூட இருக்காது. அட்டவணையில் அச்சிட்டிருப்பது இந்த மாதிரி எண். (ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாது: நாணயங்கள் அளவிலும் வேறுபடுகின்றன, ஐசோடோப்புகள் அளவில் ஏறத்தாழ ஒன்றே.)

கடைக்காரர் போலத்தான் உடலும். தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடினை ஈர்த்துக்கொள்ளும். உணவில் வரும் அயோடின்-127-க்கும் மருத்துவமனையில் கொடுக்கும் அயோடின்-131-க்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. இரண்டும் 53 புரோட்டான், 53 எலக்ட்ரான். அதனால் கதிர்வீசும் அயோடின்-131 நேராகத் தைராய்டுக்கே போய்ச் சேர்கிறது; சுரப்பியில் உள்ள நோயுற்ற திசுவை அங்கேயே அழிக்க முடிகிறது.

படி 6: சராசரி அணு நிறையைக் கணக்கிடுதல்

குளோரினை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் குளோரின்-35 75.77 சதவீதம், அதன் நிறை 34.969. குளோரின்-37 24.23 சதவீதம், நிறை 36.966.

சதவீதத்தை 100-ஆல் வகுத்துப் பின்னமாக்குங்கள்: 0.7577, 0.2423. இரண்டையும் கூட்டினால் 1 வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.
34.969 × 0.7577 = 26.496
36.966 × 0.2423 = 8.957
கூட்டினால் 35.453. அட்டவணையில் இருப்பது 35.45.

இங்கே நடக்கும் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரியானவை. 35-ஐயும் 37-ஐயும் கூட்டி 2-ஆல் வகுத்து 36 என்பது முதலாவது. நாணயம் ஏழும் மூன்றும் என்பதை மறந்து, ஐந்தும் ஐந்தும் என்று கணக்குப் போடுவது போல. இடையிலேயே முழுமையாக்கிவிடுவது இன்னொன்று. பெருக்கல் விடைகளை மூன்று தசமம் வரை வைத்துக் கடைசியில் மட்டும் சுருக்குங்கள். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: நிறைக்குப் பதில் நிறை எண்ணைப் போட்டுவிடுவது. 35-உம் 37-உம் போட்டால் 35.48 வரும். பள்ளிக் கணக்கில் அதை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அட்டவணையோடு 0.03 இடிக்கும்.

அந்த 0.03 எங்கே போனது? 35 துகள் சேர்ந்த அணு 35-ஐவிடச் சற்றுக் குறைவாக, 34.969 ஏன் இருக்கிறது? புரோட்டானும் நியூட்ரானும் கருவாகப் பிணையும்போது ஆற்றல் வெளியேறுகிறது. வெளியேறிய ஆற்றலுக்கு ஈடான நிறை குறைந்துவிடுகிறது. ஹீலியம்-4-இல் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: துகள்களைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால் 4.033, அணுவாக நிறுத்தால் 4.003. கார்பன்-12 மட்டும் மிகச் சரியாக 12. காரணம், அணு நிறை அலகை அதைவைத்தே வரையறுத்திருக்கிறார்கள்.

தலைகீழ்க் கணக்கும் பழகுங்கள். தாமிரத்தின் சராசரி 63.546, ஐசோடோப்புகள் 62.930, 64.928. எது எத்தனை சதவீதம்? கனமானதிலிருந்து சராசரியைக் கழித்தால் 1.382. கனமானதிலிருந்து லேசானதைக் கழித்தால் 1.998. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.692. ஆகத் தாமிரம்-63 ஏறத்தாழ 69 சதவீதம், தாமிரம்-65 ஏறத்தாழ 31. விடையைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: சராசரி எந்த ஐசோடோப்புக்கு அருகில் இருக்கிறதோ அதுவே அதிகம் இருக்க வேண்டும். 63.5, 65-ஐவிட 63-க்கு நெருக்கம். சரி.

இந்தச் சதவீதங்களை நிறை நிறமாலைமானி என்ற கருவியால் அளக்கிறார்கள். அணுக்களை அயனியாக்கிக் காந்தப்புலத்தில் வளைய விட்டால் லேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். 1919-இல் ஆஸ்டன் இப்படியொரு கருவியை அமைத்துத் தனிமம் தனிமமாக ஐசோடோப்புகளைப் பிரித்துக் காட்டினார். குளோரின் வாயுவை இதில் செலுத்தினால் மூலக்கூறுகள் 70, 72, 74 என்ற மூன்று இடங்களில் விழும், 9 : 6 : 1 என்ற விகிதத்தில். நான்கில் மூன்று பங்கு 35 என்பதால் இரண்டும் 35 ஆக அமைய 9/16, ஒன்று 35 மற்றது 37 ஆக அமைய 6/16, இரண்டும் 37 ஆக அமைய 1/16. மாதிரியில் குளோரின் இருக்கிறதா என்று வேதியியலாளர்கள் இன்றும் இந்த வடிவத்தை வைத்தே அடையாளம் காண்கிறார்கள்.

படி 7: எடை உண்மையிலேயே வேறுபாடு காட்டும் இடம்

"ஐசோடோப்புகளின் வேதிப்பண்பு ஒன்றே" என்பது பெரும்பாலும் சரி. ஹைட்ரஜனில் இது தளர்கிறது. குளோரினில் இரண்டு நியூட்ரான் கூடினால் எடை 6 சதவீதம்கூடக் கூடாது. ஹைட்ரஜனில் ஒரு நியூட்ரான் கூடினாலே எடை இரட்டிப்பு. அதனால்தான் இந்த ஐசோடோப்புகளுக்கு மட்டும் தனிப் பெயர்களே உண்டு: புரோட்டியம், டியூட்டிரியம், டிரிட்டியம். ஹெரால்ட் யூரி டியூட்டிரியத்தை 1931-இல் கண்டுபிடித்தார்.

டியூட்டிரியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது கனநீர். உறைநிலை 3.8 டிகிரி செல்சியஸ், கொதிநிலை 101.4. சாதாரணத் தண்ணீரைவிட ஏறத்தாழ 11 சதவீதம் அடர்த்தி அதிகம். கனநீர்ப் பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க இந்தக் கனநீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாதாரணத் தண்ணீர் வேகத்தைக் குறைக்கும்போதே நியூட்ரான்களில் கணிசமானவற்றை விழுங்கிவிடும். கனநீர் மிகக் குறைவாகவே விழுங்கும். அதனால் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதமே உள்ள இயற்கை யுரேனியத்தைச் செறிவூட்டாமலே (235-இன் பங்கைக் கூட்டாமலே) எரிபொருளாக்க முடிகிறது. தூத்துக்குடியில் கனநீர் ஆலை அமைந்ததும் இந்தத் தேவைக்காகவே.

கனநீர் என்றதும் கதிரியக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். டியூட்டிரியம் நிலையானது, கதிர் வீசாது. கதிரியக்கம் கொண்டது டிரிட்டியம். அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டு. ஐசோடோப்பு என்ற சொல்லுக்கே கதிரியக்கம் என்று பொருள் கொள்வது இந்தப் பாடத்தின் பெரிய தவறான புரிதல். நீங்கள் குடிக்கும் தண்ணீரிலும் உண்ணும் உப்பிலும் இருப்பவை எல்லாமே ஏதோ ஓர் ஐசோடோப்புதான்.

படி 8: நிலையற்றவையும் அரை ஆயுட்காலமும்

லேசான தனிமங்களில் புரோட்டானும் நியூட்ரானும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் கரு நிலைக்கும். கனமான கருக்களில் ஒன்றையொன்று விலக்கும் புரோட்டான்களைப் பிடித்து வைக்க நியூட்ரான் கூடுதலாக வேண்டும். ஈயம்-208-இல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான். இந்தச் சமன் தவறிய கருக்கள் சிதைகின்றன. கார்பன்-14-இல் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. நிறை எண் 14 அப்படியே இருக்கிறது, அணு எண் 6 என்பது 7 ஆகிறது. இரண்டாம் படியின்படி அது இப்போது நைட்ரஜன்.

அரை ஆயுட்காலம் என்பது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம். இரண்டு அரை ஆயுட்காலம் போனால் ஒன்றும் மிஞ்சாது என்பது தவறு. கால் பங்கு மிஞ்சும். அயோடின்-131-க்கு 8 நாள்: 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால், 80 நாளில் 1024-இல் ஒரு பங்கு.

கார்பன்-14-க்கு 5730 ஆண்டு. செடியோ விலங்கோ உயிரோடு இருக்கும்வரை புதிய கார்பன் உள்ளே வந்துகொண்டிருக்கும். இறந்ததும் வரவு நிற்கும், சிதைவு மட்டும் தொடரும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு இப்படித்தான் பொது ஆண்டுக்கு முன் 580 என்று கணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2600 ஆண்டு. 2600-ஐ 5730-ஆல் வகுத்தால் 0.454, அரையை அத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் 0.73. அதாவது 2600 ஆண்டுப் பழைய கரியில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-இல் 73 சதவீதம் இன்னும் இருக்கும். காற்றில் கார்பன்-14-இன் அளவு காலத்துக்குக் காலம் சற்று மாறியிருப்பதால், மர வளையங்களை வைத்துத் திருத்திய பிறகே ஆண்டைச் சொல்வார்கள். இம்முறை கரி, மரம், எலும்பு, விதை ஆகியவற்றுக்குத்தான். பானை ஓட்டின் களிமண்ணுக்கோ கல்லுக்கோ பொருந்தாது. அவை உயிரோடு இருந்தவை அல்ல.

ஆர்கானுக்குத் திரும்புவோம்

ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40. மூன்றுக்கும் நிறை எண் 40. அணு எண் 18, 19, 20. இப்படி நிறை எண் ஒன்றாகவும் தனிமம் வேறாகவும் இருப்பவை ஐசோபார்கள். (நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் ஒன்றாக இருந்தால் ஐசோடோன்கள்: கார்பன்-13, நைட்ரஜன்-14.)

பூமியின் பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 மெதுவாகச் சிதைகிறது. அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 125 கோடி ஆண்டு. பெரும்பங்கு கால்சியம்-40 ஆகவும், பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது ஆர்கான்-40 ஆகவும் மாறுகிறது. காற்றில் 0.93 சதவீதம் உள்ள ஆர்கான் ஏறத்தாழ முழுவதும் இப்படிப் பாறையிலிருந்து கசிந்து வந்த ஆர்கான்-40. பொட்டாசியத்திலோ 93 சதவீதம் பொட்டாசியம்-39. அதனால்தான் புரோட்டான் ஒன்று குறைந்தும் ஆர்கான் சராசரியில் எடை கூடி நிற்கிறது.

செய்து பாருங்கள்

1. இரும்பு-56-இன் மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனியில் துகள்கள் எத்தனை?
2. லித்தியம்-6 (நிறை 6.015) 7.59 சதவீதம், லித்தியம்-7 (நிறை 7.016) 92.41 சதவீதம். சராசரி என்ன?
3. வெள்ளியின் சராசரி 107.868. ஐசோடோப்புகள் 106.905, 108.905. லேசானது எத்தனை சதவீதம்?
4. கோபால்ட்-60-இல் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. கிடைப்பது எது? அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு என்றால் பத்தரை ஆண்டில் எவ்வளவு மிஞ்சும்?

விடைகள்: 1) புரோட்டான் 26, நியூட்ரான் 30, எலக்ட்ரான் 23. 2) 0.457 + 6.483 = 6.940. 3) 1.037 ÷ 2.000, அதாவது 51.85 சதவீதம், 108 என்று முழுமையாக்கியிருந்தால் இயற்கையில் இல்லாத ஒரு வெள்ளியை எழுதியிருப்பீர்கள். 4) நிக்கல்-60, ஏறத்தாழ கால் பங்கு.